எதற்கும் இன்னொன்று

அவர் எங்கள் வீட்டு மணியை ஒரே ஒரு தடவை அடித்து நான் பார்த்ததில்லை. முதலில் ஒன்று அடிப்பார். உள்ளே நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுவது காதில் விழுந்தாலும் இன்னொன்று அடிப்பார். தாழ்ப்பாளில் கை வைக்கும்போது, "ஏம்மா, நாந்தான், மேல் வீட்டு அக்கா" என்று குரலும் வரும். திறந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "மணி கேட்டுச்சா?" கேட்டதால்தானே வந்தேன் என்று சொல்ல வாய் துடிக்கும். அந்த முகத்தைப் பார்த்தால் சொல்லத் தோன்றாது.

தாபோடியில் நாங்கள் குடியிருந்த பழைய அடுக்குமாடி சொசைட்டியில் எங்கள் வீடு இரண்டாவது மாடி. அவரும் அவர் கணவரும் எங்கள் தலைக்கு நேர் மேலே. நானும் என் கணவரும் கோயம்புத்தூரிலிருந்து வேலைக்காகப் புனேவுக்குப் போன புதிது. அவர்களோ திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அப்பா காலத்திலேயே தேஹு ரோடு கன்டோன்மென்டுக்கு வந்துவிட்ட கிறிஸ்தவக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அக்காவுக்கு ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலை. நாங்கள் அண்ணன் என்று கூப்பிடும் அவர் கணவர் லோக்கல் ரயில் ஏறி தேஹு ரோடு ராணுவ டிப்போவுக்கு வேலைக்குப் போய்வருவார். சொந்த ஊரை லீவுக்கு மட்டுமே பார்த்தவர்கள், ஆனாலும் வாயைத் திறந்தால் நெல்லைத் தமிழ்தான். நடுநடுவே இந்தி வந்து உட்கார்ந்துகொள்ளும். குப்பைத் தொட்டி அவர்களுக்குக் கச்ரா டப்பா.

அக்காவைப் பொறுத்தவரை உலகத்தில் எதுவும் ஒன்றாக மட்டும் இருக்கக் கூடாது. "எதுக்கும் இன்னொண்ணு இருக்கட்டும்" என்பார். ஸ்டேஷன் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் அவரைப் பார்த்ததும் எத்தனை என்றே கேட்க மாட்டார், மூன்றாகப் போட்டுவிடுவார். ஒன்று வீட்டு பீரோவில், ஒன்று கைப்பையில், ஒன்று தேஹு ரோட்டில் இருக்கும் தம்பி வீட்டில். எனக்கு மீன் குழம்பு கொடுத்தனுப்பினால் இரண்டு சின்ன டப்பாவில் வரும். "ஒண்ணு படிக்கட்டுல கவுந்தாலும் இன்னொண்ணு மிஞ்சும்லா" என்பார். பதினாறு படி இறங்குவதற்குள் குழம்புக்கு என்ன ஆபத்து வந்துவிடப்போகிறது என்று நான் சிரிப்பேன். அவர் சிரிக்க மாட்டார்.

வெளியே கிளம்பினால் பூட்டை இழுத்துப் பார்ப்பார். கேட் வரை போய்த் திரும்பி வந்து மறுபடி இழுப்பார். ஸ்டேஷனிலிருந்து எனக்குப் போன் வரும். "ஏம்மா, ஒரு எட்டு மேல போயி பூட்ட இழுத்துப் பாத்துட்டு வாயேன்." வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் நான் ஆபீஸ் மீட்டிங்கின் நடுவில் ஹெட்செட்டோடு மாடியேறி இழுத்துப் பார்த்துவிட்டு, "பூட்டித்தான் இருக்குதுங்க்கா" என்பேன். "பக்கா?" என்பார். "பக்காங்க்கா." அப்போதுதான் மூச்சு விடுவது கேட்கும். மாற்றுச் சாவி ஒன்று எங்களிடம் இருந்தது. நாங்கள் ஊருக்குப் போய்விட்டால் என்ன செய்வது என்று வாட்ச்மேனிடமும் ஒன்று கொடுத்து வைத்திருந்தார்.

அண்ணன் இதற்கு ஒரு காரணம் சொல்வார். "முன்ன கீழ்ச் சந்துல தரைவீட்டுல இருந்தோம்மா. ஒரு மழைக்கு ஆத்துத் தண்ணி வீட்டுக்குள்ள வந்து கல்யாண ஆல்பம் போச்சு. அதுலேருந்து இவ இப்படி ஆயிட்டா."

"அதுக்கு முன்னயும் நான் இப்படித்தான் இருந்தேன்" என்று அக்கா அடுக்களையிலிருந்தே பதில் கொடுப்பார். "ஆல்பம் போனப்பொறவு நான் சொன்னது சரின்னு ஆச்சு. அவ்வளவுதான்."

இப்படிப்பட்ட ஒருவர் கையில் பெங்களூரில் இருக்கும் அவருடைய மகள் ஒரு டேப்லெட்டை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். வீட்டில் ஏற்கெனவே இருந்த பழைய கம்ப்யூட்டரோடு அதைக் கேபிளில் இணைத்து, ஒரு மென்பொருளையும் போட்டு, "அம்மா, இந்த சிங்க் பட்டனை அமுக்குனா போதும், இங்க இருக்கிறது எல்லாம் அங்கயும் இருக்கும்" என்று சொல்லிக் கொடுத்தாள். அக்காவுக்கு அதைவிடப் பிடித்த வாக்கியம் வேறு இருந்திருக்காது. இங்கே இருப்பது அங்கேயும் இருக்கும்! வாரத்துக்கு ஒருமுறை சிங்க் போடுவார். அதை நம்பாமல் எல்லாப் படத்தையும் தன் கையாலேயே இன்னொரு தடவை கம்ப்யூட்டரில் காப்பி பண்ணுவார். அடுத்த வாரம் சிங்க் போடும்போது அந்த மென்பொருள், கம்ப்யூட்டரில் புதிதாக ஏதோ இருக்கிறதே என்று அந்தக் காப்பியையும் டேப்லெட்டுக்கு அனுப்பும். படம் இரண்டாகும், நான்காகும். பாட்டும் இரண்டிரண்டாகும்.

அதோடு அவர் எந்தப் படத்தையும் ஒரு தடவை எடுக்கிற ஆளும் இல்லை. கண் மூடியிருந்தால் என்ன செய்வது என்று இரண்டு எடுப்பார். கண் மூடியிருந்த படத்தையும் அழிக்க மாட்டார். "மூடியிருந்தாலும் அவருதானே" என்பார். அண்ணன் வேட்டியோடு நாற்காலியில், அதே வேட்டி, அதே நாற்காலி, பக்கம் பக்கமாகப் போய்க்கொண்டே இருக்கும். எனக்குச் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் வேலை. ஐடியில் இருப்பவளுக்கு எல்லா மெஷினும் தெரியும் என்ற நம்பிக்கை அந்தக் கட்டடம் முழுக்க உண்டு. ஆகவே, "இடம் இல்லன்னு வருதும்மா" என்று அவர் அதைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து நீட்டுவது வழக்கம்.

"ஒரே படம் நாலு இருக்குதுங்க்கா. மூணை அழிச்சிரலாம்."

"எது ஒரிஜினல்?"

"எல்லாம் ஒண்ணுதானுங்க்கா. ஒரிஜினல், காப்பின்னு இதுல கிடையாது."

"அதெப்படிம்மா கெடையாது? ஒண்ணப் பாத்துத்தானே இன்னொண்ணு வந்திருக்கும்? அந்த மொத ஒண்ணு எதுன்னு சொல்லு, அத விட்டுட்டு மத்தத எடு."

ஜெராக்ஸ் கடையில் ஒரிஜினலை மறந்து வைத்துவிட்டு வந்தவர் படும் பாட்டை அவர் அந்தக் கணம் பட்டுக்கொண்டிருந்தார். எதையும் அழிக்காமல் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார். உள்ளுக்குள் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

அண்ணனின் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் சர்ச் பாடகர் குழுவை நடத்தியவர். மாடியில் அவர் "ஏளா!" என்று அக்காவைக் கூப்பிட்டால் கீழே நான் திரும்பிப் பார்ப்பேன். அவர்கள் இரண்டு பேரும் நன்றாகச் சண்டை போடுவார்கள். சட்னியில் உப்பு, கேஸைத் திருகி மூடினோமா இல்லையா, எதுவும் போதும். சத்தம் எங்கள் கூரையில் இறங்கும், கொஞ்ச நேரத்தில் அதே குரல் பாட்டுப் பயிற்சிக்குப் போய்விடும்.

அவர் குழுவில் பாதிப் பேருக்கு இசைக் குறிப்புப் படிக்கத் தெரியாது. இளசுகளுக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். அதனால் ஒவ்வொரு பாட்டையும் நாலு குரலுக்கும் தானே தனித்தனியாகப் பாடிப் பதிவு செய்து வைத்திருந்தார். ஆண்கள் பாடும் இரண்டு குரல், பெண்கள் பாடும் இரண்டு குரல். பெண்களின் மேல் குரலைக் கள்ளக் குரலில் பாடியிருப்பார், கேட்டால் சிரிப்பு வரும். நாலு பதிவுக்கும் பாட்டின் முதல் வரிதான் பெயர். எது எந்தக் குரல் என்பது அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பதை வைத்துத்தான் தெரியும். அந்தப் பதிவுகள் அத்தனையும் அக்காவின் டேப்லெட்டிலும் கம்ப்யூட்டரிலும் இருந்தன, இரண்டிரண்டாக.

ஒரு மழைக்காலம் முடிந்தபோது அண்ணனுக்குத் தொண்டை கட்டியது. கட்டியது அவிழவில்லை. டிப்போ தூசிதான் காரணம் என்று மிளகுப்பாலிலும் ஆவியிலும் சில மாதம் போனது. அப்புறம் டாக்டர். அக்கா ஒரு டாக்டரோடு நிற்பாரா? இரண்டாவது பார்த்தார், மூன்றாவது பார்த்தார். மூன்று பேரும் ஒன்றையே சொன்னார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒன்றைப் போலவே இன்னொன்றும் இருந்தது அவருக்குப் பிடிக்கவில்லை.

"கொரல்வளையவே எடுக்கணுமாம்" என்று எங்கள் வாசலில் நின்று சொன்னார். "உயிருக்கு ஒண்ணும் இல்லையாம். சத்தம் மட்டும் போயிருமாம். வார செவ்வாக்கெழம."

'மட்டும்' என்றுதான் சொன்னார். உள்ளே வாங்க என்றேன். அவர் வரவில்லை. கேஸை மூடினேனா பார்க்கணும் என்று மேலே போய்விட்டார்.

சனிக்கிழமை காலை வந்தபோது அவர் தலை சீவியிருக்கவில்லை. டேப்லெட்டைத் துண்டு இல்லாமல் அப்படியே கையில் பிடித்திருந்தார். வீட்டைப் பூட்டாமல் இறங்கி வந்திருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

"எல்லாம் போச்சும்மா. அவரு பாட்டு ஒண்ணுகூட இல்ல. இதுலயும் இல்ல. அதுலயும் இல்ல."

உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துக் கேட்டபோது, நடந்தது துண்டு துண்டாக வந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் அண்ணனைப் பேச வைத்துப் பதிவு செய்துவிட வேண்டும் என்று அக்காவுக்கு ஆசை. டேப்லெட்டிலோ இடம் இல்லை. கம்ப்யூட்டரும் நிறைந்துவிட்டது. என்னை அழைக்கக் கூச்சப்பட்டுத் தானே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். டேப்லெட்டில் பாதிப் பாட்டை அழித்தார், அவைதான் கம்ப்யூட்டரில் இருக்கின்றனவே என்று. கம்ப்யூட்டரில் மற்ற பாதியை அழித்தார், அவைதான் டேப்லெட்டில் இருக்கின்றனவே என்று. கணக்குச் சரிதான். டேப்லெட்டில் இடம் கிடைத்தது, ஒரு பாட்டும் போகவில்லை. அங்கேயே நிறுத்தியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

ஆனால் இப்போது ஒவ்வொரு பாட்டும் ஒரே இடத்தில் அல்லவா இருக்கிறது? அந்த நினைப்பை அவரால் கொஞ்ச நேரம்கூடத் தாங்க முடியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று கேபிளைச் சொருகி சிங்க் பட்டனை அமுக்கிவிட்டார். அது தன் வேலையைச் சரியாகச் செய்தது. இங்கே அழித்ததை அங்கேயும் அழித்தது. அங்கே அழித்ததை இங்கேயும் அழித்தது.

"இங்க இருக்கறது அங்கயும் இருக்கும்னுதானம்மா எம் மவ சொன்னா?"

"இங்க இல்லாதது அங்கயும் இருக்காதுங்க்கா. அது பீரோ மாதிரி இல்ல, கண்ணாடி மாதிரி."

அவர் அழவில்லை. தன் இரண்டு கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். "செவ்வாக்கெழம அவருக்கு சத்தம் போயிரும். நான் சனிக்கெழமயே போக்கிட்டேன்" என்றார்.

ஆபீஸில் இதைவிடப் பெரிய விஷயங்கள் அழிந்து பார்த்திருக்கிறேன், ஒரு புகார் டிக்கெட் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவோம். இது வேறு. மேலே போனோம். அண்ணன் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். அவருக்கு அக்கா எதுவும் சொல்லியிருக்கவில்லை. "என்னம்மா, காலையிலேயே வேல குடுத்துட்டாளா?" என்றார் கரகரவென்று. பழைய குரலில் பாதிகூட அதில் இல்லை. நான் ஏதோ சிரித்து வைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன்.

பாட்டு ஃபோல்டர்கள் எல்லாம் காலி. அழித்த ஃபைல்கள் போய் விழும் தொட்டியைத் திறக்கப் போனபோது அக்கா என் காதருகே, "கச்ரா டப்பால பாக்கப் போறியா? அதுல என்னென்னமோ கெடக்கும்மா. நான் அதக் கொட்டுனதே கெடையாது" என்றார்.

"எப்பவுமா?"

"எப்படிக் கொட்டுவேன்? எதுக்கும் இருக்கட்டும்னு விட்டு வச்சிருக்கேன்."

அந்தக் கம்ப்யூட்டர் ஏன் நிறைந்து வழிந்தது என்பது அப்போது விளங்கியது. வருஷக் கணக்காக அவர் அழித்த அத்தனையும் அங்கே கிடந்தது. அதற்கும் மேலே அன்றைக்கு அவர் கையால் அழித்ததும், சிங்க் போய் அழித்ததும். ஒவ்வொரு பாட்டும் இருந்தது, இரண்டிரண்டாக இருந்தது. எல்லாவற்றையும் திரும்ப எடுக்கும் வரை அவர் என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டே நின்றார். பாட்டு வரிசை திரையில் வந்ததும் மெதுவாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னளா, கீழ உக்காந்துட்ட?" என்றார் அண்ணன்.

"காலு கடுக்கு" என்றார் அக்கா.

மறுநாள் ஞாயிறு. சர்ச் முடிந்து அவர்கள் வந்ததும் நான் மேலே போனேன். முதல் நாளே எல்லாப் பாட்டையும் டேப்லெட்டுக்கும் திரும்ப ஏற்றியிருந்ததால் அதில் மறுபடி இடம் இல்லை. என் போனில் பதிவு செய்யலாமே என்று சொல்லிப் பார்த்தேன். "உன்னோடதுலயும் எடும்மா. ஆனா என்னோடதுல இருக்கணும்" என்றார். கொயர் பாட்டெல்லாம் இத்தனை இருக்கிறதே, அதிலேயே அவர் குரல் இருக்கிறதே என்றும் சொன்னேன்.

"அது கோயில் சத்தம்மா. எனக்கு வீட்டுச் சத்தம் வேணும்."

இரட்டைப் பாட்டுகளைக் கண்டுபிடிக்கும் வசதி அந்த மென்பொருளில் இருந்தது. அமுக்கினேன். ஒரே பாட்டின் பெயரில் எட்டு வரிசை வந்து நின்றது. ஒன்றை வைத்துக்கொண்டு மீதியை எல்லாம் நீக்கலாமா என்று கேட்டது. நான் சுட்டியை அதன் பக்கம் நகர்த்துவதற்குள் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"இதுல ரெண்டு ரெண்டுதான் ஒண்ணு. மத்ததெல்லாம் வேற வேற. அந்த மெஷினுக்குப் பேரு மட்டுந்தான தெரியும்? சத்தம் தெரியுமா?"

அந்த மென்பொருளுக்கு ஃபோல்டர் கணக்கில்லை, பெயர்தான் கணக்கு. நாலு குரலும் அதற்கு ஒரே பாட்டு. அந்தப் பட்டனை நம்பியிருந்தால் நாலில் மூன்று குரல் போயிருக்கும். வேறு வழியில்லை, ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் பிரிக்க வேண்டும்.

கேட்டோம். மத்தியானம் முழுக்க அந்த அறையில் அண்ணனின் பழைய குரல் பாடிக்கொண்டிருந்தது. புதிய குரலோடு அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை, பயமாக இருந்தது. அக்கா இரண்டு வரி கேட்டதும், "இது கீழ்க் கொரல். வை. அடுத்தது... இதுவும் அதேதான். எடு" என்பார். எடுக்கும் முன்னால் "நில்லு, இன்னொரு மட்டம் போடு" என்பார். பெண்களின் மேல் குரல் வந்தபோது, கீச்சென்று அண்ணன் உச்சத்துக்குப் போய் அங்கே தடுமாறும் இடத்தில், நாற்காலியிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. பதறித் திரும்பினேன். அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு இருமலாகி, கண்ணில் நீர் வழிந்து, அக்கா முதுகைத் தடவி விட்ட பிறகுதான் நின்றது.

"சவத்த அழி அத" என்றார். "கேக்கச் சகிக்கல."

அக்கா அதை இரண்டு காப்பியாகவே விட்டுவிட்டார்.

இடம் கிடைத்தது. அக்கா டேப்லெட்டை அண்ணன் முன்னால் முக்காலியில் நிறுத்தி வைத்தார். அண்ணனுக்கு மெஷினிடம் பேசக் கூச்சம். "என்னத்தப் பேச?" என்றார். எதையாவது பேசுங்கள் என்றால் யாருக்குத்தான் வரும்? ஜெபம் சொல்லட்டுமா என்று கேட்டார். அக்கா வேண்டாம் என்றார்.

"என்னையக் கூப்பிடுங்க. எப்பவும் கூப்பிடுத மாதிரி."

அண்ணன் என்னைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். பிறகு, "ஏளா" என்றார். மெதுவாக, வெட்கப்பட்டுக்கொண்டு. கல்யாணமான புதிதில் அப்படிக் கூப்பிட்டிருப்பாரோ என்னவோ.

"பதிஞ்சிட்டா? எதுக்கும் இன்னொண்ணு சொல்லுங்க."

"ஏளா, இங்க வா."

"இன்னொண்ணு."

"ஏளா, குடிக்கத் தண்ணி கொண்டா."

"இன்னும் ஒண்ணே ஒண்ணு."

"ஏளா! ஒனக்கென்ன கோட்டியா புடிச்சிருக்கு? எத்தன மட்டம் சொல்லுதது?"

அந்தக் கடைசியில், கரகரப்பை உடைத்துக்கொண்டு, எங்கள் கூரையில் இறங்குமே அந்தக் குரல் ஒரு கணம் வந்துபோனது. அண்ணன் தொண்டையைப் பிடித்துக்கொண்டார். "போதும்" என்று கையைக் காட்டினார்.

நான் தாழ்ந்த குரலில், "நல்லா வந்த ஒண்ணை மட்டும் வச்சுக்கலாமுங்களா? மறுபடியும் இடம் நிறைஞ்சிரும். எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்குது" என்றேன்.

"ஒண்ணுபோலயா இருக்கு ஒனக்கு?" என்று கேட்டு என்னைப் பார்த்த பார்வையில், நான் அழிக்கிற பேச்சையே விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் ஆனது. நன்றாக முடிந்தது என்றார்கள். எங்கள் கூரைக்கு மேலே பல நாள் சத்தமே இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணன் திரும்பி வந்த பிறகும் சத்தம் இல்லை. கழுத்தில் ஒரு துளை, அதன்மேல் வெள்ளைத் துணி. ஏதாவது வேண்டுமென்றால் நாற்காலிக் கையில் விரலால் தட்டுவார். அந்தச் சின்னத் தட்டுக்கே அக்கா எங்கிருந்தாலும் ஓடி வந்து, "என்ன வேணும்? தண்ணியா? ஃபேன் போடட்டா? வலிக்கா?" என்று கிசுகிசுப்பார். அவரும் சத்தமாகப் பேசுவதை விட்டுவிட்டார். நோயாளி முன்னால் பேசுகிற பேச்சு அது. அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை என்பது பார்த்தால் தெரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொள்வார். எனக்கு அந்த வீட்டுக்குப் போகவே சங்கடமாக இருந்தது. இரண்டு பேரும் அருகருகே இருந்துகொண்டு ஒருவரை ஒருவர் தொலைத்துவிடுவார்களோ என்று பயந்தேன்.

"அந்தப் பதிவைப் போட்டுக் கேட்டீங்களாங்க்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இல்லம்மா."

"ஏனுங்க்கா?"

"தேஞ்சிட்டுன்னா?"

"கேசட் மாதிரி தேயாதுங்க்கா. எத்தனை தடவை போட்டாலும் அப்படியே இருக்கும்."

"ஒனக்குத் தெரியும். எனக்குப் பயமா இருக்குல்லா." பிறகு குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டார். "அதுவும் போக, அவரு காதுல விழுந்திரக் கூடாது. அவரு தாங்க மாட்டாரு." டேப்லெட்டைத் துண்டில் சுற்றிப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டியிருந்தார். யாருக்காக அந்தக் குரலைக் காப்பாற்றினோம் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

பிறகு ஒரு சாயங்காலம். அக்கா மீன் கழுவிக்கொண்டிருந்தார். நான் அடுக்களை வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தேன், அவரைப் போலவே கிசுகிசுப்பாக. அப்போது முன்னறையிலிருந்து கேட்டது.

"ஏளா."

அக்காவின் கை தண்ணீருக்குள் நின்றுவிட்டது. என்னைப் பார்த்தார். நான்தான் ஏதோ செய்துவிட்டேன் என்பது போல. நான் இல்லை என்று தலையசைத்தேன். அவர் முகம் வெளிறிப்போயிருந்தது. நகரவில்லை.

"ஏளா, இங்க வா."

எட்டிப் பார்த்தேன். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் டேப்லெட், தோளில் அந்தத் துண்டு. பதிவுகளின் பட்டியலைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாக அமுக்கிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அக்கா பயந்த மாதிரி எதுவும் இல்லை. அவசரம்தான் இருந்தது, கூப்பிட்ட ஆள் வராவிட்டால் வரும் அவசரம். நான் நிற்பதைப் பார்த்ததும், அவள் எங்கே என்பதுபோலப் புருவத்தைத் தூக்கினார். பிறகு பட்டியலில் இன்னும் கீழே தேடி, கடைசியில் இருந்ததை ஓங்கி அமுக்கினார்.

"ஏளா! ஒனக்கென்ன கோட்டியா புடிச்சிருக்கு? எத்தன மட்டம் சொல்லுதது?"

அடுக்களையில் பாத்திரம் உருண்டது. மீன் நாறும் கையைச் சேலையிலேயே துடைத்துக்கொண்டு அக்கா என்னை இடித்துத் தள்ளிவிட்டு ஓடினார். அத்தனை நாள் அடக்கி வைத்திருந்த சத்தம் முழுவதும் அன்று கீழ்த்தளம் வரை கேட்டிருக்கும்.

"இந்தா வாரேன்லா! எதுக்குக் கெடந்து கத்துதீங்க? பீரோவத் தெறந்தீங்களே, பூட்டுனீங்களா இல்லியா?"